ஊசி போடும் முன்பே வெளுத்திருந்த இடம்: மூளையில் தங்கிய கடோலினியம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் 1923 முதல் நடத்திவரும் ‘ரேடியாலஜி’ ஆய்விதழில், 2009-க்கும் 2015-க்கும் இடையே நடந்தது இது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த ஒரே அடையாளத்துக்கு அந்த இதழில் வெளியான இரண்டு கட்டுரைகள் இரண்டு காரணங்களைச் சொன்னன. மூன்றாவதாக வந்த கட்டுரை அந்த இரண்டுக்கும் அடியில் இருந்த வேறொன்றைக் காட்டியது. அதைத் தொடர்ந்து உலகம் முழுக்கக் கான்ட்ராஸ்ட் ஊசி (எம்.ஆர்.ஐ. படத்தில் சில இடங்களைத் துலக்கிக் காட்டப் போடும் மருந்து) போடும் முறையே மாறியது. ஆய்வாளர்களின் பெயர்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவர்கள் எதைப் பார்த்தார்கள், ஏன் அப்படிக் கணக்கெடுத்தார்கள் என்பதுதான் இந்தத் துறையில் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிலருக்குப் பாதியில் மேசையை வெளியே இழுத்து, கையில் ஒரு ஊசி போட்டு, மறுபடி உள்ளே அனுப்புவார்கள். அந்த மருந்தில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். அதன் அணு எண் 64. அதன் அயனியில் இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால் வலுவான காந்தத்தன்மை உண்டு. பக்கத்தில் இருக்கும் நீர் மூலக்கூறுகளின் டி1 நேரத்தை, அதாவது தூண்டப்பட்ட பின் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, அது குறைத்துவிடும். அதனால் டி1 படத்தில் மருந்து போய்ச் சேர்ந்த இடம் வெள்ளையாகத் தெரியும். மூளைக்குள் இரத்தத்துக்கும் திசுவுக்கும் நடுவே உள்ள தடுப்பு எங்கே உடைந்திருக்கிறதோ, அங்கே மருந்து கசியும். கட்டி, சீழ்க்கட்டி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு உறை சிதையும் நோயின் புதிய புண் எல்லாம் இப்படித்தான் தெரிய வருகின்றன. இந்த ஊசி இல்லாமல் மூளைக்கட்டி சிகிச்சையை இன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், தனி அயனியாகக் கடோலினியம் நச்சு. அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால், உடலில் கால்சியம் செய்யும் வேலைகளில் குறுக்கிடும். ஆகவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் கட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். கட்டும் விதம் இரண்டு. சங்கிலி போன்ற மூலக்கூறு உலோகத்தைச் சுற்றிக்கொள்வது நேர்வகை; அமெரிக்காவில் 1988-ல் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற கடோபென்டெட்டேட்டும், அதன்பின் வந்த கடோடையமைடும் இந்த வகை. மூடிய கூண்டு போன்ற மூலக்கூறின் நடுவே உலோகம் உட்கார்ந்திருப்பது வளையவகை. கடோடெரேட், கடோபியூட்ரால், கடோடெரிடால் ஆகியவை இதில் வரும். கூண்டிலிருந்து உலோகம் வெளியேறுவது மிகக் கடினம்.

வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் இரத்தத்தில் இருக்கும் மருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும்; ஒரு நாளைக்குள் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ‘போட்டது போய்விடும்’ என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் மேல் நின்றது.

அந்த நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியது சிறுநீரக நோயாளிகளிடம் வந்த ஒரு தோல் நோய். கலிபோர்னியாவில் 1997-ல் முதல் நோயாளிகள் கவனிக்கப்பட்டார்கள். 2000-ல் அது மருத்துவ இதழில் பதிவானது. தோல் தடித்து இறுகி, மூட்டுகளை மடக்க முடியாமல் போகும் கொடிய நோய் அது. ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவர் 2006-ல் அதைக் கடோலினியம் ஊசியோடு தொடர்புபடுத்தினார். 2007-ல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை மருந்தின் விவரக்குறிப்பில் போடச் சொன்னது. ஊசிக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தச் சோதனை பார்ப்பது வழக்கமானது; புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றே போனது. அது பெரிய வெற்றிதான். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது என்பது என் கணிப்பு. ‘பிரச்சினை சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மட்டும்தான்’ என்ற எண்ணம் மற்றவர்கள் விஷயத்தில் கூடுதல் தெம்பைக் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும், 2004-லேயே இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றிய எலும்பைச் சோதித்து, அதில் கடோலினியம் தங்கியிருப்பதைக் காட்டிய ஆய்வு வந்திருந்தது. மூளையைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

முதலில் கண்டது

சிறுமூளையின் வெள்ளைப் பகுதிக்குள், இரு பக்கமும், சுருங்கிய பை போல மடிப்பு மடிப்பாக ஒரு சாம்பல் திரள் இருக்கும். அதன் பெயர் டென்டேட் நியூக்ளியஸ். ஊசி போடாத டி1 படத்தில் அது சுற்றுப்புறத்திலிருந்து அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. ரிப்போர்ட் எழுதும்போது அங்கே யாரும் நீண்ட நேரம் நிற்பதில்லை.

சிலரிடம் மட்டும் அந்த மடிப்புகள் வெள்ளைக் கோடாகத் துலங்கின. அதுவும் ஊசி போடும் முன் எடுத்த பிளெயின் படத்தில். இதைத்தான் முதலில் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் எடுத்த படத்தில் ஓர் இடம் வெளுத்தால் கேள்வியே இல்லை. அன்றைய ஊசி இன்னும் ஏறாத படத்தில் வெளுப்பு இருந்தால், அது அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்று.

2009-ல் வந்த கட்டுரை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளைப் பார்த்தது. டென்டேட் நியூக்ளியஸ் வெளுத்திருப்பது, நோய் இரண்டாம் கட்டமாக முற்றிக்கொண்டே போகும் வகையோடு தொடர்புடையது என்றது. 2011-ல் அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரை, மூளைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களிடம் அதே வெளுப்பு இருப்பதைச் சொன்னது. இரண்டும் துறை வல்லுநர்களின் மதிப்பாய்வைத் தாண்டி வந்தவை. கண்ட அடையாளம் உண்மை. அது எந்த நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தது என்ற கணக்கும் உண்மை.

ஆனால் இந்த இரண்டு கூட்டத்தாரும் ஸ்கேன் மையத்துக்கு வரும் விதத்தை யோசித்துப் பாருங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பவர் வருடக்கணக்காக எம்.ஆர்.ஐ. எடுப்பார், புதிய புண் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கான்ட்ராஸ்ட் போடுவது அன்றைய வழக்கம். நோய் இரண்டாம் கட்டத்துக்கு வந்தவர் என்றால் இன்னும் பல வருடம் எடுத்தவர். மூளைக்குக் கதிர்வீச்சு வாங்கியவரும், கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொள்வார். நோய் வேறு, சிகிச்சை வேறு, ஊசி ஒன்று.

கணக்கெடுக்க எடுத்த முடிவுகள்

ஜப்பானில் ஒரு கதிரியக்கவியல் குழு இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது: வெளுப்பு நோயைத் தொடர்கிறதா, ஊசியின் எண்ணிக்கையைத் தொடர்கிறதா? அவர்களிடம் இருந்தவை பழைய படங்களும் பழைய பதிவேடுகளும்தான். புதிதாக யாருக்கும் ஊசி போடவில்லை, புதிதாக யாரையும் படம் எடுக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் எடுத்த நான்கு முடிவுகள் அந்தச் சிறிய ஆய்வை உறுதியாக்கின.

முதலாவது, யாரோடு ஒப்பிடுவது என்பது. கான்ட்ராஸ்ட் ஊசியோடு குறைந்தது ஆறு முறை எம்.ஆர்.ஐ. எடுத்த 19 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்ப்பக்கம் நிறுத்த, ஒருமுறை மட்டும் வந்துபோன நலமான ஆட்களை எளிதாகப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ‘அடிக்கடி ஸ்கேன் எடுக்கும் அளவுக்கு நோயுற்றவர்கள், அதனால்தான் வெளுப்பு’ என்று எவரும் சொல்லிவிட முடியும். அதனால் ஊசியே இல்லாமல் குறைந்தது ஆறு முறை எம்.ஆர்.ஐ. எடுத்த 16 பேரைத் தேடி எடுத்தார்கள். படம் எடுத்த எண்ணிக்கை இரு பக்கமும் நிகர். ஊசி மட்டும் ஒரு பக்கம். என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் உயிர் இந்த 16 பேரிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது, வெளுப்பை அளப்பது. சி.டி.யில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று ஒரு நிலையான அளவு உண்டு. தண்ணீர் எந்தக் கருவியிலும் பூஜ்யம்தான். எம்.ஆர்.ஐ.யில் அப்படி எதுவும் இல்லை. சிக்னலைப் பிடிக்கும் சுருள், அமைப்பு, கருவி மாறினால் அதே திசுவுக்கு வேறு எண் வரும். ஆகவே டென்டேட் நியூக்ளியஸின் சிக்னலை, அதே படத்தில் அருகே இருக்கும், மூளைத்தண்டின் பகுதியான பான்ஸின் சிக்னலால் வகுத்தார்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும் குளோபஸ் பேலிடஸ் என்ற சாம்பல் திரளை, பக்கத்தில் உள்ள தாலமஸ் என்ற இன்னொரு திரளால் வகுத்தார்கள். கருவியால் வரும் ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் பெருமளவு கழிந்துவிடும்.

மூன்றாவது, வேறு காரணங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது. கல்லீரல் கெட்டவர்களுக்கு மாங்கனீஸ் சேர்ந்து குளோபஸ் பேலிடஸ் டி1 படத்தில் வெளுக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. எனவே கல்லீரல், சிறுநீரக இரத்தச் சோதனை எண்களைச் சேர்த்தார்கள். கீமோதெரபி, கதிர்வீச்சு, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். 2011 கட்டுரை சொன்ன காரணமான கதிர்வீச்சும் இதில் போட்டியிட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, முதல் சுற்றில் ஊசி எண்ணிக்கைதான் காரணமென்று வந்தால் மட்டும், பல்வேறு எண்ணிக்கையில் ஊசி போட்டுக்கொண்ட இன்னும் 16 பேரைப் பார்த்து, எண்ணிக்கை ஏற ஏற வெளுப்பும் ஏறுகிறதா என்று சோதிப்பது. ‘இருக்கிறது, இல்லை’ என்பதைவிட ‘கூடக் கூடக் கூடுகிறது’ என்பது வலுவான சான்று.

முடிவு தெளிவாக வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இரண்டு விகிதங்களும் கூடுதலாக இருந்தன. மற்றக் காரணங்கள் எல்லாம் விலகி, முந்தைய ஊசிகளின் எண்ணிக்கை மட்டும் நின்றது. அங்கே போடப்பட்டிருந்த மருந்துகள் கடோபென்டெட்டேட்டும் கடோடையமைடும், அதாவது இரண்டும் நேர்வகை. கட்டுரை 2013 டிசம்பரில் இணையத்திலும் 2014 மார்ச்சில் அச்சிலும் வந்தது.

அதன் முடிவுரையில் கடோலினியம் மூளையைக் கெடுக்கிறது என்று எழுதவில்லை. மூளையில் கடோலினியம் இருப்பதை நிரூபித்துவிட்டோம் என்றுகூட எழுதவில்லை. இந்த வெளுப்பு முந்தைய ஊசிகளின் விளைவாக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கையில் படம் மட்டும் இருப்பவர் சொல்லக்கூடிய அளவு அதுதான். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதழில் வந்த பிறகு

மற்ற ஊர்களில் இருந்தவர்கள் தங்கள் பழைய படங்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 2014-லேயே இத்தாலியில் ஒரு குழு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருந்தவர்களிலும் மூளைக்குப் புற்றுநோய் பரவியவர்களிலும் கடோடையமைடுக்குப் பின் இதே ஏற்றத்தைக் கண்டது. முதல் ஆய்வின் அளவுமுறை எழுத்தில் தெளிவாக இருந்ததால், எந்த இடத்தை எதனால் வகுக்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் எழுந்த கேள்வி: எல்லாக் கடோலினியமும் இப்படியா? ஜெர்மனியின் ஹைடல்பர்கில், நேர்வகைக் கடோபென்டெட்டேட் மட்டும் போட்டுக்கொண்ட 50 பேரையும், வளையவகைக் கடோடெரேட் மட்டும் போட்டுக்கொண்ட 50 பேரையும் எடுத்து ஒப்பிட்டார்கள். நேர்வகையில் வெளுப்பு ஏறியது, வளையவகையில் ஏறவில்லை. இது 2015-ல் அதே ‘ரேடியாலஜி’ இதழில் வந்தது. முதலில் கண்ட ஜப்பானியர்களும் அதே ஆண்டில் 127 பேரைப் பார்த்து இதே பக்கம்தான் வந்தார்கள்.

ஆனாலும் இவை எல்லாம் படத்தில் தெரியும் வெளுப்புகளே. வெளுப்பை உண்டாக்குவது கடோலினியம்தான் என்று திசுதான் சொல்ல வேண்டும்.

திசு சொன்னது

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், வாழ்நாளில் குறைந்தது நான்கு முறை கான்ட்ராஸ்டோடு எம்.ஆர்.ஐ. எடுத்து, பின்னர் இறந்த 13 பேரின் மூளைத் திசு சோதிக்கப்பட்டது. ஊசியே போடாத 10 பேரின் திசு ஒப்பீட்டுக்கு. உலோகத்தின் அளவை நிறமாலைக் கருவியில் அளந்தார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

13 பேரிடமும் கடோலினியம் இருந்தது. ஒரு கிராம் திசுவில் 0.1 முதல் 58.8 மைக்ரோகிராம் வரை. போட்ட அளவு கூடக் கூட இதுவும் கூடியது. டென்டேட் நியூக்ளியஸில்தான் அதிகம். இவர்களுடைய சிறுநீரகங்கள் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. ‘போட்டது போய்விடும்’ என்ற பழைய கணக்கு இந்த இடத்தில் முடிந்துபோனது. அதே சமயம், சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தபோது திசு சிதைந்ததற்கான அடையாளம் தெரியவில்லை. ஜப்பானியக் குழுவும் ஐந்து பேரின் திசுவை ஊசி போடாத ஐந்து பேரோடு ஒப்பிட்டு, 2015-ல் இதையே உறுதிசெய்தது.

வளையவகையில் படம் வெளுக்காததைப் பார்த்து ‘அது துளியும் தங்காது’ என்று சொல்லிவிட முடியாது. 2016-ல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில், வளையவகை மட்டும் போட்டுக்கொண்டவர்களிடமும் கடோலினியம் கண்டறியப்பட்டது. அளவு மிகக் குறைவு, ஆனால் இருந்தது.

ஒரே சான்று, இரண்டு தீர்ப்பு

எஃப்.டி.ஏ. 2015 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. ஐரோப்பிய மருந்து முகமையும் பார்க்கத் தொடங்கியது. இருவர் முன்னும் இருந்த கட்டுரைகள் ஒன்றுதான். இருவரும் ஒப்புக்கொண்டவையும் ஒன்றுதான்: கடோலினியம் மூளையில் தங்குகிறது, நேர்வகை அதிகம் தங்குகிறது, அப்படித் தங்குவதால் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு மூளைப் பாதிப்பு வந்ததாக நேரடிச் சான்று இல்லை.

ஐரோப்பா 2017-ல் எடுத்த முடிவு: நாளத்தில் போடும் கடோடையமைடு, கடோபென்டெட்டேட், கடோவெர்செட்டமைடு மூன்றையும் நிறுத்துவது. கல்லீரல் படத்துக்குத் தனிப் பயன் தரும் இரண்டு நேர்வகை மருந்துகளை அந்த வேலைக்கு மட்டும் அனுமதிப்பது. நிகரான படத்தைத் தரும் வளையவகை கையில் இருக்கும்போது, அதிகம் தங்கும் மருந்தை ஏன் போட வேண்டும் என்பது அங்கே நின்ற வாதம்.

அமெரிக்கா 2017 டிசம்பரில் எந்த மருந்தையும் நிறுத்தவில்லை. எல்லாக் கடோலினிய மருந்துகளுக்கும் புதிய எச்சரிக்கை சேர்த்தது, ஊசிக்கு முன் நோயாளி படிக்க ஒரு கையேடு தரச் சொன்னது, மேலும் ஆய்வுகள் நடத்தும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தீங்கு நிரூபிக்கப்படாதபோது மருந்தை எடுத்துவிட்டால், தேவையானவருக்கும் கிடைக்காமல் போகலாம் என்பது அந்தப் பக்கத்து நியாயம்.

நான் ஐரோப்பாவின் பக்கம். பயன் நிகராக இருக்கும்போது, தீங்கை நிரூபிக்கும் பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் அமெரிக்க முடிவைப் பொறுப்பற்றது என்று சொல்லமாட்டேன். நோயாளிக்கே கையேடு கொடுக்க வேண்டும் என்றது அங்கே நடந்த நல்ல காரியம். ஊசிக்குப் பின் நீண்ட நாள் வலி, மந்தம் என்று முறையிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய துன்பத்துக்குக் கடோலினியம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் கேட்காமல் ஒதுக்கவும் முடியாது.

இன்று என்ன மாறியிருக்கிறது, இனி என்ன மாற வேண்டும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கான 2021 சர்வதேசப் பரிந்துரை, வழக்கமான தொடர் பரிசோதனைகளில் கடோலினியம் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது. டென்டேட் நியூக்ளியஸ் அடையாளம் முதலில் பேசப்பட்ட நோயாளிகளுக்கே இந்த மாற்றம் வந்தது எனக்கு நிறைவளிக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கடோபிக்ளினால், கிலோவுக்கு 0.05 மில்லிமோல் போதும் என்ற வளையவகை மருந்து. அதாவது பழைய அளவில் பாதி.

கட்டுரை எழுதுபவர்களுக்கும் மதிப்பாய்வு செய்பவர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது உண்டு. 2009, 2011 கட்டுரைகளை வடிகட்டத் தவறியது மதிப்பாய்வின் குற்றம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதிப்பாய்வாளர் முன்னால் இருப்பது எடுத்த தரவும் அதன் முடிவும். எடுக்கவே இல்லாத தரவை அவர் பார்க்க முடியாது. ஆனால் கேட்க முடியும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு புதிய அடையாளத்தை நோயோடு இணைக்கும் எந்தக் கட்டுரை வந்தாலும், இந்த நோயாளிகளுக்கு இதற்கு முன் எத்தனை முறை, எந்தக் கான்ட்ராஸ்ட், எவ்வளவு போடப்பட்டது என்ற கேள்வி முதல் சுற்றிலேயே போக வேண்டும். எழுதுபவர்கள் அது கேட்கப்படும் வரை காத்திருக்காமல் முறைப் பகுதியிலேயே எழுதிவிட வேண்டும். அந்த இரண்டு பழைய கட்டுரைகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவை நோயாளிகளைக் கவனமாக விவரித்திருந்ததால்தான், பின்னால் வந்தவர்களால் பொதுவான காரணத்தைத் தேட முடிந்தது.

நம் ஊர் ஸ்கேன் மையங்களிலும் இது அன்றாடக் காரியம். நோயாளி ஒரு ஊரில் எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் பெரிய கவரில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். ரிப்போர்ட்டில் ‘கான்ட்ராஸ்டுடன் எடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், அடுத்துப் பார்ப்பவருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்பது தெரியாது. பத்து வருடம் கழித்து யாராவது இன்னொரு கேள்வி கேட்டால், எண்ணிப் பார்க்கப் பதிவே இருக்காது. மருந்தின் பொதுப்பெயர், போட்ட மில்லி அளவு, தேதி மூன்றையும் டெக்னீஷியன் ஊசி போட்ட உடனே குறித்து, மருத்துவர் அதை ரிப்போர்ட்டின் முதல் பத்தியிலேயே எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஊசி வேண்டாம் என்று பயப்படும் நோயாளிக்கும் சரியாகச் சொல்ல வேண்டும். கட்டி சந்தேகம் இருக்கும்போது கான்ட்ராஸ்டைத் தவிர்ப்பதால் வரும் நஷ்டம் உறுதியானது. தங்கும் கடோலினியத்தால் தீங்கு என்பது இதுவரை நிறுவப்படாதது. தேவைப்படும் இடத்தில் தயங்காமல் வளையவகையைப் போடலாம். தேவையில்லாத தொடர் பரிசோதனையில், முந்தைய படம் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தால், ‘இந்த முறை பிளெயின் போதும்’ என்று ரேடியாலஜிஸ்ட் அனுப்பிய மருத்துவரை அழைத்துப் பேச வேண்டும்.